திட்டாத அம்மா

தேசிய பாதுகாப்புக் கொள்கை என்று ஒரு புத்தகம் உண்டு. வழவழப்பான அட்டை, கனமான தாள், உள்ளே பயங்கரவாதத்தை எதிர்கொள்ள நான்கு தூண்கள். முதல் தூணின் பெயர் தடுத்தல். அந்தத் தூணைத் தாங்கிக்கொண்டிருந்தது அமைச்சகக் கட்டடத்தின் பின்பக்கத்தில், லிஃப்டுக்கும் கழிவறைக்கும் நடுவே இருந்த எங்கள் அறை. ஏழெட்டு மேசைகள், எடிட்டிங்குக்கு ஒரு மூலை, குளிர்ச்சியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுக்கும் ஒரு ஏசி. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அமைப்பு நம் பிள்ளைகளை ஆசைகாட்டி இழுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் நாங்கள் அவர்களிடம் பேசித் தடுத்துவிட வேண்டும். எப்படிப் பேசுவது என்று மட்டும் புத்தகத்தில் இல்லை.

நான் அங்கே குடும்பத் தொடர்பு அதிகாரி. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளில் போய் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பது என் வேலை. எனக்குப் பொறுமை கிடையாது என்பது துறை முழுவதற்கும் தெரியும். இந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்க வேண்டும்.

எங்கள் இயக்குநர் நல்ல மனிதர்தான். துறைக்குத்தான் இயக்குநர். ஆனால் காணொளி எடுக்கும் வேலை எங்களிடம் வந்த பிறகு, தன்னை அந்த இன்னொரு வகை இயக்குநராகவே நினைக்க ஆரம்பித்துவிட்டார். முதல் காணொளியில் ஒரு நாடக நடிகர் கெட்டவராக வந்து இளைஞனின் தோளில் கை போட்டார். பாதியில் அவருடைய ஒட்டுமீசை ஒரு பக்கம் கழன்றது. அதையும் சேர்த்தே வெளியிட்டோம். பார்த்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊழியர்களின் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் கீழே வந்து மீசையைப் பற்றி எழுதினார்கள். அவையில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, மீசைக்குப் பசை வாங்கக்கூடவா அரசுக்கு வக்கில்லை என்று கேட்டார். அன்றிலிருந்து இயக்குநருக்குத் தூக்கம் போயிற்று. பார்க்கிறவர்கள் கண்கலங்க வேண்டும், அப்படி ஒன்று வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் மருந்தாளரம்மா வந்தார். அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருபது வருடத்துக்கு மேல் நின்றவர். கணவர் இல்லை. ஒரு பையன், ஒரு பெண். பையன் ஏசி மெக்கானிக். வெளியூரில் ஒப்பந்த வேலை என்று சொல்லிவிட்டுப் போனவன் எல்லையைத் தாண்டிவிட்டான். போலீஸ் அவரை எங்களிடம் அனுப்பியிருந்தது. அழுதுகொண்டு வரும் தாய்மார்களையே பார்த்துப் பழகிய நான் தண்ணீர் டம்ளரை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "இந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது."

"மாத்திடறோம்மா."

"மாத்த வேண்டாம். திருகாணிய முடுக்கினா போதும். ஸ்டேஷன்ல என் பையன் உயரத்தைத் தப்பா எழுதியிருக்காங்க. அஞ்சே காலாம். அஞ்சரைக்கு மேல இருக்கான். அந்த உயரத்துக்குத் தேடினா பக்கத்து வீட்டுப் பையனைத்தான் புடிச்சிட்டு வருவாங்க."

தண்ணீரை நானே குடித்தேன்.

அவர் பெண் கல்லூரியில் படிக்கிறாள். அண்ணனுடைய பழைய கைப்பேசியைக் கொண்டுவந்திருந்தாள். அதில் ஒரு முகமில்லாத 'அண்ணன்' மாதக்கணக்கில் அவனுக்கு எழுதியவை இருந்தன. உன் கையில் என்ன திறமை தம்பி, உன் அருமை உன் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, நீ ஸ்குரூ முடுக்கப் பிறந்தவன் இல்லை, கண்ணா. ஒரு இடத்தில்கூட ஒரு கடுஞ்சொல் இல்லை. அவ்வளவு இனிப்பாக என்னிடம் யாராவது பேசியிருந்தால் நானும்கூடப் போயிருப்பேனோ என்னவோ.

பையன் போன பிறகு தங்கைக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பியிருந்தான். யாரோ ஒருவருடைய எண்ணிலிருந்து. 'பின்பக்க முகாமில் ஜெனரேட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். துப்பாக்கி எதுவும் இல்லை. அம்மாகிட்ட சொல்லாதே.' அவள் பதில் எழுதுவதற்குள் அந்த எண் அணைந்துவிட்டது.

அந்தச் செய்தியில்தான் எங்கள் நம்பிக்கை இருந்தது. கொள்கைப் புத்தகத்தின் மூன்றாவது தூண் மீட்டல். போனவன் ஆயுதம் ஏந்தாமல் திரும்பி வந்தால் அவன் மேல் வழக்கு இல்லை. கொஞ்ச காலம் எங்களிடம் ஆலோசனைக்கு வந்து போக வேண்டும், பிறகு வீடு. துப்பாக்கியைத் தொட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும், சட்டம் தன் வழியில் போகும். இதை நான் மருந்தாளரம்மாவிடம் விளக்கினேன்.

"அப்போ அவன் கையில அதைக் குடுக்கறதுக்குள்ள வரணும்," என்றார்.

"ஆமாம்மா."

"அவன்கிட்ட நான் எப்படிப் பேசறது?"

அங்கே இருப்பவர்களுக்கு இணையம் கிடைக்கிறது, எங்கள் காணொளிகளைப் பார்த்துக் கேலி செய்வதே அவர்களுக்குப் பொழுதுபோக்கு என்று உளவுத்துறை சொல்லியிருந்தது. அவனைச் சென்றடைய அது ஒன்றுதான் வழி. கேட்டதும் மருந்தாளரம்மா யோசிக்கவேயில்லை, எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

அவர் வீட்டுக்கு நானும் எங்கள் எடிட்டரும் போனோம். கேமராவும் அவன்தான், வெட்டி ஒட்டுவதும் அவன்தான். முப்பது வயது, பேச்சு குறைவு, நாங்கள் வைத்த பெயர் கத்தரி. மாடிக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. கூடத்தின் நடுவில் பிரித்துப் போட்ட ஒரு ஏசி கிடந்தது. மேல்வீட்டுக்காரருடையதாம், பையன் கழற்றினான், பூட்டுவதற்கு ஆளில்லை. மருந்தாளரம்மா அதற்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கத்தரி கையைக் காட்டியதும் ஆரம்பித்தார்.

"எருமை மாடே. நீ நல்லா இருக்கியா? இருப்ப. உனக்கென்ன, இங்க கெடந்து அல்லாடறது நாங்கதானே. இந்த மெஷினைப் பாரு. ஸ்குரூ எல்லாத்தையும் என் கிண்ணத்துல போட்டு வச்சிட்டுப் போயிருக்க, எது எங்க போகும்னு எவனுக்குத் தெரியும்? மேல்வீட்டு மாமா படியேறும்போதெல்லாம் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடறாரு. வேர்வையில அவருக்கு முதுகெல்லாம் கட்டி. நீ உலகத்தைத் திருத்தப் போனியே, இந்த ஒரு வீட்டுக் காத்தைத் திருத்திட்டுப் போயிருக்கக் கூடாதா?"

நிறுத்தவே இல்லை. பல் டாக்டரிடம் பாதியில் விட்டுவந்த வேர் சிகிச்சை, தங்கையிடம் பொய் சொல்ல வைத்தது, துவைக்காத காலுறை, சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுவரேறிக் குதித்துக் கையை உடைத்துக்கொண்டது, அப்போதும் கூட இருந்தவன் பேச்சைக் கேட்டுத்தான் குதித்தது, எல்லாம் வந்தது. "எவனாவது நீ பெரிய ஆளுன்னு சொன்னா போதும், கெணத்துலகூட குதிப்ப. உன்னைத் தேடறானுங்களே, அவனுங்க அதுக்கு மேல. உன் உயரத்தைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியல." கத்தரியின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். "பல்லு வலின்னு எவன்கிட்டயாவது ஊசி போட்டுக்காத. உனக்குப் பென்சிலின் ஒத்துக்காது, ஞாபகம் இருக்கா? வாயைத் தொறந்து சொல்லணும். சொல்ல மாட்ட, பெரிய வீரன். 'வந்துடுடா கண்ணா, அம்மா காத்துக்கிட்டிருக்கேன்'னு நான் அழுவேன்னு நெனச்சியா? அதுக்கு வேற ஆளைப் பாரு. நீ வா, வந்தா செருப்பு பிய்யும்."

பிறகு, "போதும், நிறுத்துங்க," என்று எழுந்து சமையலறைத் தொட்டிப் பக்கம் போனார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதார். கத்தரி கேமராவை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

அலுவலகத்தில் நான்கு பேர் உட்கார்ந்து பார்த்தோம். இயக்குநர், கத்தரி, நான், எங்கள் மனநல ஆலோசகர். வெளிநாட்டில் படித்தவர், எல்லோருக்கும் டாக்டரம்மா. மென்மையானவர். யாராவது தும்மினால்கூட அதற்கு என்ன காரணம் என்று பரிவோடு கேட்பார். படம் முடிந்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

"இதுல குற்றச்சாட்டு நெறைய இருக்கு. திட்டுற வீட்டுலேருந்து தப்பிச்சுத்தான் பசங்க போறாங்க. திரும்பவும் திட்டினா இன்னும் தள்ளித்தான் போவாங்க. நம்ம வழிகாட்டி நெறிமுறையிலயே இருக்கு, குற்றம் சாட்டுற வார்த்தை ஒண்ணுகூட வரக் கூடாது."

"அரசாங்கத்தை வேற திட்டுறாங்க," என்றார் இயக்குநர். "கடைசியில அந்த அழுகை இருக்கு பாருங்க. அதான் படம்."

"மருந்து விஷயம் எல்லாம் தனிப்பட்ட தகவல், அதையும் எடுத்துடணும்," என்றார் டாக்டரம்மா.

மறுநாள் மாலைக்குள் கத்தரி வேலையை முடித்துவிட்டான். இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. தொட்டியருகே திரும்பி நிற்கும் ஒரு தாயின் முதுகு. அழுகை. மெல்லிய புல்லாங்குழல். பிறகு அவருடைய குரல்: "வந்துடுடா கண்ணா, அம்மா காத்துக்கிட்டிருக்கேன்." அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வந்த 'னு நான் அழுவேன்னு நெனச்சியா'வைக் கத்தரி வெட்டிவிட்டான். வெட்டினது தெரியவே இல்லை. நன்றாக வேலை தெரிந்தவன். இயக்குநர் கைக்குட்டையை எடுத்தார். நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

காணொளி தீயாகப் பரவியது. அமைச்சர் பகிர்ந்தார், அவருடைய எதிரிகளும் பகிர்ந்தார்கள். தொலைக்காட்சியில் செய்தி வாசித்த பெண் ஒரு நொடி நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள். மீசையைப் பற்றிக் கேட்ட எதிர்க்கட்சிக்காரரே எழுந்து பாராட்டினார். எங்கள் அறைக்குப் புது ஏசி வந்தது.

மருந்தாளரம்மா அதை மருத்துவமனை ஜன்னலில் நின்றபடி பார்த்திருக்கிறார். வரிசையில் நின்ற ஒருவர் கைப்பேசியை நீட்டி, இது நீங்கள்தானே என்று கேட்டாராம். உடனே எனக்கு அழைத்தார்.

"இது யாரு?"

"நீங்கதாம்மா. கொஞ்சம் சுருக்கியிருக்கோம்."

"நான் என் பையனைக் கண்ணான்னு அவன் பொறந்ததுலேருந்து கூப்பிட்டதில்ல. அவன் முன்னாடி அழுததும் இல்ல. இதைப் பார்த்தா அவன் என்ன நெனப்பான் தெரியுமா? என்னை எங்கயோ புடிச்சு வச்சுப் பேச வச்சிருக்கீங்கன்னு நெனப்பான்."

"அப்படியெல்லாம் நெனக்க மாட்டாரும்மா. லட்சக்கணக்கான பேர் அழுதிருக்காங்க."

"அவங்கள்ல யாரும் என் பையன் இல்லையே," என்று வைத்துவிட்டார்.

இயக்குநரிடம் சொன்னேன். அந்தம்மாவுக்குப் புகழ் பழக்கமில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்றார்.

அடுத்த வாரம் தங்கைக்காரி கல்லூரியிலிருந்து நேராக எங்கள் அறைக்கு ஓடிவந்தாள். புதிய எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி. மூச்சிரைக்கும் ஒரு பையனின் குரல். "அம்மாவ எங்க வச்சிருக்காங்க? அடிச்சாங்களா? அந்த வீடியோவுல அம்மா மாதிரியே இல்ல. அவங்க வாயில அந்த வார்த்தையே வராதே. இங்க எல்லாரும் சொல்றாங்க, உங்கம்மாவப் புடிச்சிட்டாங்கன்னு. உண்மையச் சொல்லு. நான் வரேன். எப்படி வரணுமோ அப்படி வரேன்."

அன்றே உளவுத்துறையிலிருந்து இன்னொன்றும் வந்தது. அந்த அமைப்பு எங்கள் காணொளியை எடுத்து, ஒரு காட்சியைக்கூட மாற்றாமல், மேலே ஒரே ஒரு வரி சேர்த்து வெளியிட்டிருந்தது: 'பிள்ளைகளே, உங்கள் தாய்மார்களை இவர்கள் என்ன செய்கிறார்கள் பாருங்கள்.' ஆள் சேர்க்க அவர்களுக்கு அது அருமையாகப் பயன்பட்டது. புல்லாங்குழல் உட்பட எல்லாம் அரசுச் செலவு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நாங்கள் அதை மக்கள் வரிப்பணத்தில் வைத்துக்கொண்டோம்.

இந்த முறை எண் அணையவில்லை. பையன் பதிலுக்குக் காத்திருந்தான். மருந்தாளரம்மாவை அழைத்து வந்தோம். மகளின் கைப்பேசியைக் கையில் வாங்கியதும் அவர் பேச வாயைத் திறந்தார். இயக்குநர் தடுத்தார்.

"அம்மா, அவர் இப்ப ரொம்பப் பதட்டத்துல இருக்காரு. ஒரு வார்த்தை தப்பாப் போனா உயிருக்கே ஆபத்து. டாக்டரம்மா எழுதித் தருவாங்க. அதை மட்டும் நிதானமாப் படிங்க."

உயிர் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த அம்மாள் பயந்துவிட்டார். யாருக்கும் பயந்து நான் பார்த்திராதவர். டாக்டரம்மா எழுதினார், இயக்குநர் திருத்தினார், மேலிடத்துக்குப் போனது, மூன்று நாள் கழித்து இரண்டு கையெழுத்தோடு திரும்பி வந்தது. மருந்தாளரம்மா மாத்திரை அட்டையைப் படிக்கிற குரலில் அதைப் படித்தார். "அன்பு மகனே, நான் வீட்டில் நலமாக இருக்கிறேன். உன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அமைதியாக முடிவெடு."

இரண்டு நாளைக்குப் பிறகு பதில் வந்தது. இப்போது மூச்சிரைப்பு இல்லை. "எழுதிக் குடுத்தா படிக்காதம்மா. உனக்கு எம்மேல கோபம் இல்லையா? இது ஒண்ணு போதும், பக்கத்துல ஆள் நிக்கிறாங்கன்னு தெரியுது. கவலப்படாத. ஜெனரேட்டர் வேலை வேண்டாம்னு சொல்லிட்டேன். முன்னாடி அனுப்புங்கன்னு நானே கேட்டேன். துப்பாக்கி குடுத்துட்டாங்க. உன்னை வந்து கூட்டிட்டுப் போறேன்."

மருந்தாளரம்மா திருகாணி முடுக்கிய பிறகு ஆடாத அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு இயக்குநரைப் பார்த்து, "இப்ப நான் பேசலாமா?" என்று கேட்டார். இயக்குநர், இந்த நிலைமையில் மேலிடத்தைக் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது, கைப்பேசி இனி எங்கள் பொறுப்பில் இருக்கட்டும் என்றார். அதை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு மேலிடத்தைப் பார்க்கப் போனார். டாக்டரம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். அவரை அதற்குப் பிறகு நான் ஒரு குறையும் சொன்னதில்லை.

கத்தரி எடிட்டிங் மூலையிலிருந்து எழுந்து வந்தான்.

"அக்கா, முழுசும் எங்கிட்ட இருக்கு. ஒண்ணையும் அழிக்கல."

"எவ்வளவு நேரம்?"

"இருபத்திச் சொச்சம். ஒலியை மட்டும் அனுப்பினா போயிடும்."

அனுமதி இல்லாமல் அனுப்புவது எந்த விதியின் கீழ் என்ன குற்றம் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அந்த விதிகளை நான் பரீட்சைக்குப் படித்தவள். இழுப்பறையைத் திறந்தேன். மருந்தாளரம்மாவிடம், "நீங்க அன்னைக்குப் பேசினதை அப்படியே அனுப்பறோம்மா, சரியா?" என்று கேட்டேன். "செருப்பு பிய்யும்னு சொன்னது இருக்கா?" என்றார். இருக்கிறது என்றான் கத்தரி. அனுப்புங்கள் என்றார்.

இயக்குநர் திரும்பி வந்தபோது நானே சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, இதில் அரசாங்கத்தைத் திட்டும் இடமும் சேர்ந்தே போய்விட்டதா என்று மட்டும் கேட்டார்.

பதில் வரவில்லை. மருந்தாளரம்மா தினமும் வேலை முடிந்து எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்தார். ஒருநாள் எங்கள் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, காலாவதியான மருந்துகளை எல்லாம் எடுத்துக் குப்பையில் போட்டார்.

பையன் ஒரு விடியற்காலையில் எல்லைக் காவல் சாவடிக்கு முன்னால் வந்து நின்றான். சட்டையைக் கழற்றி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. துப்பாக்கியை வயலில் போட்டுவிட்டு வந்ததாக அவனே சொன்னான், போட்ட இடத்தையும் காட்டினான். ஏன் திரும்பி வந்தாய் என்று சாவடி அதிகாரி கேட்டிருக்கிறார்.

"எங்கம்மா வீட்டுலதான் இருக்காங்கன்னு தெரிஞ்சுபோச்சு சார்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"திட்டினாங்க."

அதிகாரி அதை அப்படியே வாக்குமூலத்தில் எழுதியிருந்தார்.

அவன் துப்பாக்கியோடு ஒரு பாலத்தில் காவல் நின்றது பத்துப் பன்னிரண்டு நாள். ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. ஆனால் சட்டத்தில் சுட்டவர் என்று இல்லை, ஆயுதம் ஏந்தியவர் என்றுதான் இருக்கிறது. ஜெனரேட்டரோடு அங்கேயே இருந்துவிட்டு என்றைக்காவது வந்திருந்தால் நேராக வீட்டுக்குப் போயிருப்பான். அவனை முகாமின் பின்பக்கத்திலிருந்து முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது அந்த அமைப்பு இல்லை, நாங்கள்தான். காணொளி எப்படி ஒட்டப்பட்டது, எழுதிக் கொடுத்ததை எப்படிப் படிக்க வைத்தோம் என்பதை நான் நீதிமன்றத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தேசப் பாதுகாப்பு என்று சொல்லி மூடிய அறையில் அதை வாசித்தார்கள். ஆறு வருடத் தண்டனை நாலு வருடமானது அதனால்தான் என்று வக்கீல் சொன்னார். எனக்கு மெமோ வந்தது. கத்தரிக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. இப்போது கல்யாண வீடியோ எடுக்கிறான், நிம்மதியாக இருக்கிறேன் என்கிறான். எங்கள் பிரிவின் ஆண்டறிக்கையில், காணொளியின் பயனாகத் திரும்பியவர்கள் என்ற தலைப்புக்குக் கீழே ஒருவர் என்று அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

முதல் சந்திப்புக்கு நான்தான் மருந்தாளரம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சிறையில் இந்த மாதிரிக் கைதிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கென்று தனி அறை. நீள மேசை, இரண்டு பக்கமும் நாற்காலி, மூலையில் ஒரு காவலர். மாதத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம். பையனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வாடியிருந்தான். உட்கார்ந்ததும் அம்மாவின் மணிக்கட்டுகளைப் பார்த்தான், பிறகு முகத்தை, கழுத்தை. அடித்த அடையாளம் தேடுகிறான் என்று எனக்குப் புரிந்தது.

அம்மா வாயைத் திறப்பதற்குள் காவலர் தொண்டையைச் செருமினார். "ஒரு விஷயம்மா. மறுவாழ்வுப் பிரிவுக் கைதிகள்கிட்ட உறவினர்கள் கடுமையான வார்த்தை பேசக் கூடாது. குற்றம் சொல்லக் கூடாது. மீறினா சந்திப்பை நிறுத்திடுவோம்."

மருந்தாளரம்மா என்னைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு மகனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது. அரை மணியில் கால்வாசி அப்படியே போயிற்று.

"ஏம்மா பேச மாட்டேங்கற?" என்றான் பையன். அவன் முகத்திலிருந்த கொஞ்ச இரத்தமும் இறங்கிவிட்டது. என் பக்கம் திரும்பி, "அம்மாவ என்ன பண்ணீங்க?" என்றான்.

நான் காவலரிடம் போனேன். "கொஞ்சம் வெளியில நில்லுங்க."

"விதி மேடம். அமைச்சகத்துலேருந்து வந்தது."

"தெரியும். எங்க ரூம்லதான் எழுதினோம். அந்த வாக்கியத்துல எனக்கும் பங்கு இருக்கு. வெளியில நில்லுங்க, ஏதாவது வந்தா எம்பேரைச் சொல்லுங்க."

அவர் கொஞ்சம் தயங்கி, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் போனார். நான் மருந்தாளரம்மாவைப் பார்த்துத் தலையசைத்தேன்.

"எருமை மாடே," என்றார். "என்ன கோலம்டா இது. சாப்பிடறியா இல்லையா? அந்தப் பல்லை யார்கிட்டயாவது காட்டினியா? துப்பாக்கி வேணும்னு நீயே கேட்டியாமே. எவன் புடிச்சு வச்சிருந்தா என்ன, என்னை நான் பார்த்துக்க மாட்டேனா? உன்னைக் காப்பாத்துன்னு நான் கேட்டனா? மூளைன்னு ஒண்ணு குடுத்தானே கடவுள், அதைக் கழட்டி எந்தக் கிண்ணத்துல போட்டு வச்சிருக்க?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். தோள்கள் தளர்ந்தன. கண்ணிலிருந்து நீர் மேசை மேல் சொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. அம்மா அதைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உடைந்த இடத்தில் இன்னும் சத்தமாகத் திட்டினார். எனக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது, போகவும் மனம் வரவில்லை.

காவலர் கதவைத் தட்டி, நேரமாகிவிட்டது என்றார். மருந்தாளரம்மா எழுந்து கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பாதிகூட முடியல," என்றார் மகனிடம். "நாலு வருஷம் இருக்கு. ஒண்ணையும் விட மாட்டேன்."

"சரிம்மா," என்றான் அவன்.